சுங்கை சிப்புட்டில் நாலு பெண்கள் மேடை ஏறப் போகிறார்கள்: யோசனை தேவை

மிஸ்ஸியக்கா (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். கிளினிக் டேசாவில், அதாவது கிராம மருந்தகத்தில், மிஸ்ஸியாக (தாதியாக) இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிறந்து வளர்ந்தது இங்கே மலேசியாவின் பேராக் மாநிலத்தில், லிந்தாங் போகும் சாலையில் ஒரு ரப்பர் தோட்டம். அம்மா பால்மரம் வெட்டினார், அப்பா களைக்கொல்லி மருந்து அடித்தார். இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது, தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகள் கூட இல்லை.

வேலைக் காலத்தில் மலாய்க் கம்போங், சீனர் புதுக்கிராமம், நம் லயன், உள்ளே காட்டுப் பக்கம் பூர்வகுடிகளான தெமியார் மக்களின் ஊர்கள் என்று எல்லா வாசற்படியும் ஏறியிருக்கிறேன். குழந்தைக்கு எடை பார்க்கப் போகிற இடத்தில் ஊர் வம்பு முழுதும் காதில் விழும். மலாய்ப் பாட்டி நம் ஆண்கள் எல்லாரும் குடிகாரர்கள் என்பார். என்னை முன்னால் வைத்துக்கொண்டே சொல்வார், பிறகு “நீ வேற, மிஸ்ஸி” என்று கையைப் பிடித்துக்கொள்வார். சீனக் கடைக்கார அம்மா நம் பிள்ளைகள் உள்ளே வந்தால் அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நம்மவர்கள் மட்டும் சும்மாவா? தெமியார் தாய் ஒருத்தி மருத்துவமனை வரிசையில் பிள்ளையோடு நின்றால் அவளை ஆள் என்றே எண்ணாமல் முன்னால் போய் நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் நாங்கள் சில பெண்கள் சேர்ந்து முதியோர் வீடுகளுக்குப் போவது, ரத்த தான முகாமில் உதவுவது என்று செய்துகொண்டிருக்கிறோம். எல்லா இனத்தவரும் உண்டு. இந்த ஆண்டு வேறு ஒன்று செய்ய ஆசை. என் மகள் இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பிக்கிறாள். அவள்தான் சொன்னாள், அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் 1950-களில் எஸ்தர் பிரவுன் என்ற யூதப் பெண்மணி ‘பேனல் ஆஃப் அமெரிக்கன் விமென்’ என்று ஒரு குழு தொடங்கினார் என்று. ஒரு கத்தோலிக்கப் பெண், ஒரு யூதப் பெண், ஒரு கறுப்பினப் பெண், ஒரு வெள்ளைப் புரொட்டஸ்டன்ட் பெண், நடத்திவைக்க ஒருத்தி. யாருக்கும் சம்பளம் கிடையாது. தேவாலயம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஊர் மன்றம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவார்கள். ஆளுக்குச் சில நிமிடம். தனக்கும் தன் பிள்ளைக்கும் நடந்ததைச் சொல்வார்கள். அப்புறம் கூட்டத்தில் இருப்பவர்கள் கேள்வி கேட்கலாம், என்ன வேண்டுமானாலும். 1963-இல் லிட்டில் ராக்கிலும் சாரா மர்ஃபி என்பவர் இதே மாதிரி ஒரு குழு அமைத்தார். ஒன்பது கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்க 1957-இல் ராணுவம் வர வேண்டியிருந்ததே, அந்த ஊர். அப்படிப்பட்ட ஊரில் அந்தப் பெண்கள் மேடை ஏறினார்கள் என்றால் நமக்கு என்ன கேடு?

எங்கள் குழுவில் சிலர் இதை ஒற்றுமை விழாவாகவே செய்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு அதில் விருப்பம் இல்லை. ஒற்றுமை விழா என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? சேலை, பாஜு கூரோங், சியோங்சாம் போட்டுக்கொண்டு பெண்கள் வரிசையாக நடப்பார்கள். துணி போர்த்திய நாற்காலியில் வி.ஐ.பி. வந்து உட்காருவார், தாமதமாகத்தான் வருவார். நாசி பிரியாணி சாப்பிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வோம்.

மூன்று பேர் பேச ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கும் தெமியார் பெண் ஒருத்தி. விடுதியில் தங்கிப் படித்தபோது மற்றப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனதைச் சொல்வாள். இரண்டாவது, சந்தையில் காய்கறி விற்கும் சீனப் பெண்மணி. 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்த் தோட்டங்களில் கம்யூனிஸ்ட்கள் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்ட பிறகுதான் அவசரகாலம் வந்தது. அப்புறம் கம்யூனிஸ்ட்களுக்கு உதவி கிடைக்காமல் செய்ய வந்த பிரிக்ஸ் திட்டத்தில், வேலி போட்ட புதுக்கிராமத்துக்கு அவர் பாட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பேத்தியைப் பள்ளியில் ‘கம்யூனிஸ்ட்’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது, ஓய்வு பெற்ற மலாய் குமாஸ்தா. “உனக்கென்ன, கோட்டாவில் (மலாய்க்காரர் ஒதுக்கீட்டில்) வந்தவள்” என்று வேலைக்காலம் முழுதும் கேட்டுக்கொண்டே இருந்தாராம். சொன்னவர்களில் நம்மவர்களும் உண்டு.

நான்காவது நாற்காலிதான் காலி. தமிழ்ப் பெண் ஒருத்தியும் கிடைக்கவில்லை! தனியாக உட்கார்ந்தால் மணிக்கணக்கில் சொல்கிறார்கள். மேடை என்றதும் “புருஷன் என்ன சொல்வாரோ”, “யாராவது புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்ற விட்டால் என்ன செய்வது” என்று பின்வாங்குகிறார்கள். நானே பேசலாம்தான், ஆனால் நடத்திவைக்க நான் வேண்டும். என்ன செய்யலாம்? எந்த மொழியில் பேசுவது, கேள்வி நேரத்தில் யாராவது கத்தினால் எப்படிச் சமாளிப்பது, இதையும் சொல்லுங்கள்.

தைப்பிங்மழை

மிஸ்ஸி, நல்ல முயற்சி. ஆனால் கொஞ்சம் பயமாக இருக்கிறது, அதனால் முதலில் பயத்தை எழுதிவிடுகிறேன்.

இது அமெரிக்கா இல்லை. இங்கே இனம், மதம், அரச குடும்பம் மூன்றையும் ‘த்ரீ ஆர்’ (ரேஸ், ரிலிஜன், ராயல்டி) என்று சொல்லி, எளிதில் தொடக்கூடாத விஷயமாக வைத்திருக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டு நிந்தனைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பேச்சுக்கு என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். சுங்கை பட்டாணியில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ் 1991-இல் பெண்களுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் உதவும் தெனாகானித்தா அமைப்பைத் தொடங்கினார். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் படும் பாட்டை 1995-இல் எழுதி வெளியிட்டார். மறு ஆண்டு அவர் மீது வழக்கு. 2003-இல் ஓராண்டுத் தண்டனை, 2008-இல்தான் விடுதலை. நீங்கள் முகாம் பற்றி அறிக்கை விடப் போவதில்லை, தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

நான் ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்தவன் என்பதால் சில நடைமுறை யோசனை. மண்டபம் எடுக்கும்போதே நிகழ்ச்சி என்ன என்று எழுத்தில் கொடுங்கள், பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ஒரு தகவலும் சொல்லிவிடுங்கள். நேரலை கூடவே கூடாது. கைப்பேசிகளை வாசலிலேயே ஒரு பெட்டியில் போடச் சொல்லுங்கள். முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். பேசுகிறவர்களிடம் ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: “இவர்கள் எல்லாரும் இப்படித்தான்” என்ற வாக்கியம் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. எந்த இனத்தைப் பற்றியும். “எனக்கு இது நடந்தது” என்பதை யாராலும் மறுக்க முடியாது. “அவர்கள் இப்படி” என்றால் அன்றைக்கே சண்டை, மறுநாள் புகார்.

கேள்விகளை எழுதி வாங்குவது நல்லது. நீங்கள் பார்த்து வாசிக்கலாம்.

பந்திங் டீச்சர்

அக்கா, தைப்பிங் அண்ணன் கடைசியாகச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. கேள்வியை எழுதி வாங்கி, நல்லதாகப் பொறுக்கி வாசித்தால் அது வானொலி நிகழ்ச்சி ஆகிவிடும். கேட்கிறவர் எழுந்து நின்று தன் வாயால் கேட்க வேண்டும். மனதில் இருப்பதைச் சத்தமாகச் சொல்லும்போது பாதிப் பேருக்குக் குரல் தானாக இறங்கிவிடும். எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளால் வகுப்பின் தரம் இறங்குகிறது என்று ஒரு தந்தை புலனக் குழுவில் பத்தி பத்தியாக எழுதியவர். அதே ஆளை மைக் முன்னால் நிறுத்தியபோது, முதல் வரிசையில் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கேட்டது என்ன தெரியுமா? “புகுமுக வகுப்பில் மலாய்ப் பாடத்துக்குக் கூடுதல் நேரம் கொடுக்க முடியுமா?” அவ்வளவுதான்.

அதற்குப் பயிற்சி வேண்டும். மேடை ஏறுவதற்கு முன் யாராவது ஒருத்தர் வீட்டில் எல்லாரும் உட்காருங்கள். மோசமான கேள்விகளை நீங்களே ஒருவரை ஒருவர் கேளுங்கள். “பிடிக்காவிட்டால் உங்கள் ஊருக்குப் போக வேண்டியதுதானே?” எப்படியும் வரும். தெமியார் பெண்ணிடம் அதைக் கேட்க முடியாது என்பது அந்த மேடையின் அழகு.

மொழி மலாய்தான். ஆனால் மேடை மலாய் வேண்டாம், எல்லாரும் சந்தையில் பேசுகிற பாசார் மலாய் போதும். தமிழில் சொன்னால் நாம் மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டுவோம். காய்கறி அம்மாவுக்கு எங்காவது சொல் தடுமாறினால் தடுமாறட்டும். இலக்கணம் பார்க்கவா கூட்டம் வருகிறது?

பெயர் வெளியே வந்துவிடும் என்ற பயத்துக்கு லிட்டில் ராக்கிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவிட மனமில்லாமல் 1958-இல் அங்கே உயர்நிலைப் பள்ளிகளையே ஓராண்டு மூடி வைத்தார்கள். பள்ளியைத் திறக்கச் சொல்லி, அடோல்ஃபின் டெர்ரி என்ற முதிய பெண்மணியும் அவரோடு சிலரும் ஒரு பெண்கள் குழு ஆரம்பித்தார்கள். உறுப்பினர் பட்டியலை ரகசியமாகவே வைத்திருந்தார்கள், கணவன்மார் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது என்று. மறு ஆண்டு மே மாதம் ஓட்டெடுப்பில் பள்ளி வாரியத்திலிருந்து பிடிவாதக்காரர்களை இறக்கியும் விட்டார்கள். ஆனால் அந்தக் குழுவில் வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும்தான். வேறுவேறு பெண்களை ஒரே மேசையில் உட்காரவைத்தது பிறகு வந்த பேனல்தான். நீங்களும் சுவரொட்டியில் பெயர் போட வேண்டாம். ‘நான்கு தாய்மார் பேசுகிறார்கள்’ என்று போட்டால் போதும்.

செராஸ் வாடகைக்காரி

மிஸ்ஸியக்கா, நான் உங்கள் ஊர்க்காரிதான். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான் கோலாலம்பூரில் வேலை செய்கிறேன்.

இங்கே வீடு தேடிய கதையைச் சொல்கிறேன். விளம்பரத்திலேயே ‘சீனர்களுக்கு மட்டும்’ என்று போட்டிருக்கும். போடாதவர்கள் போனில் என் பெயரைக் கேட்டுவிட்டு “நேற்றுத்தான் ஆள் வந்துவிட்டது” என்பார்கள். ஒருமுறை என் தோழி சீனப் பெண் அதே எண்ணுக்கு அரை மணி நேரத்தில் கூப்பிட்டாள். வீடு காலியாகத்தான் இருந்தது, சாவியே தயார். கடைசியில் எனக்கு வீடு கொடுத்தவரும் சீனர்தான், அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முன்பு குடியிருந்தவர் வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போனாரா, அவர் என்ன இனம் என்றெல்லாம் அவர் ஒன்றும் பேசவில்லை. என்னிடம் சம்பளச் சீட்டு கேட்டார், கொடுத்தேன்.

இதை மேடையில் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை ரயில் பிடித்தால் வந்துவிடலாம்.

ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்க மாட்டேன். எங்கள் தோட்டத்தில் பாட்டி எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், எந்த வீட்டில் “இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்” என்பார் என்று எனக்குத் தெரியும். என் அக்காவுக்கு வந்த நல்ல மாப்பிள்ளை ஒரே கேள்வியில் போனான்: “நீங்க என்ன ஆளுங்க?” கேட்டது அவன் அம்மா, எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுக்கொண்டே. செராஸில் போனை வைத்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த அம்மா பார்த்துக்கொண்டே கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இதைச் சொல்லக்கூடாது, மற்ற இனத்தவர் முன்னால் நம் மானம் போய்விடும் என்றால் நான் வரவில்லை.

பழைய யூனியன்

எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்கள். என் கேள்வி ஒன்றுதான்: பேசி என்ன ஆகப் போகிறது?

1954-இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தபோதும், தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோதும், மாதச் சம்பளம் கேட்டுப் போராடியபோதும் யாரும் எங்களிடம் வந்து “உன் மனம் எப்படி வலிக்கிறது” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கூலி ஏறியிருக்காது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆக 2025 பிப்ரவரி வரை காத்திருந்தோம். லயனை இடித்தார்கள், மாற்று வீட்டுக்கு ஆண்டுக்கணக்கில் அலைந்தோம். மருந்தடித்த பெண்களின் நகம் கறுத்தது, அந்தப் பாராகுவாட் களைக்கொல்லியை முழுதாகத் தடை செய்ய 2020 ஆனது. இதெல்லாம் தப்பெண்ணமா? பணம். பணக்காரத் தமிழனுக்கு செராஸில் வீடு கிடைக்கும், தங்கச்சி.

மேடையில் அழுதுவிட்டுப் போவதற்குப் பதில் அந்த நாலு பெண்களும் சேர்ந்து ஒரு மனு எழுதினால் நான் முதல் கையெழுத்து போடுவேன்.

செராஸ் வாடகைக்காரி

அண்ணே, என் சம்பளச் சீட்டைப் பார்த்துவிட்டு மறுக்கவில்லை. பெயரைக் கேட்டுவிட்டு மறுத்தார்கள். சீட்டைக் காட்டவே விடவில்லை.

மிஸ்ஸியக்கா (சுங்கை சிப்புட்)

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. முதலில் யூனியன் அண்ணனுக்கு.

அந்தக் கறுத்த நகங்களை நானும் பார்த்தவள். என் அப்பாவுக்கும் அதே. மூக்கில் ரத்தம் வரும், துண்டால் துடைத்துக்கொண்டு மறுநாள் பெரட்டுக்கு (விடிகாலை ஆள் கணக்கெடுப்புக்கு) போவார். அதனால் பேச்சு போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எஸ்தர் பிரவுனும் பேச்சில் ஆரம்பித்தவர் இல்லை. அவர் வீட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண்மணி மூலம், பக்கத்தில் சவுத் பார்க் என்ற இடத்தில் நடந்தது தெரிய வந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு 1947-இல் 90,000 டாலரில் புதுப் பள்ளி. கறுப்பினப் பிள்ளைகளுக்கு உள்ளே கழிப்பறை கூட இல்லாத பழைய கட்டடம். பெற்றோர் பிள்ளைகளை அந்தப் பள்ளிக்கு அனுப்ப மறுத்து வீடுகளிலேயே பாடம் நடத்தினார்கள். எஸ்தர் அவர்களுக்காகப் பணம் திரட்டினார், வழக்குக்கும் துணை நின்றார். 1949-இல் கேன்சஸ் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்னது. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954-இல் நாடு முழுதுக்கும் தீர்ப்பு வந்ததே, பிரவுன் வழக்கு, அதற்கும் நிதி திரட்டியவர். (அந்த பிரவுன் வேறு குடும்பம், இவர் உறவில்லை.) இவ்வளவும் செய்து முடித்த பிறகுதான் பேனல். ஏன் என்று யோசித்துப் பாருங்கள், அண்ணே. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே போன பிள்ளையின் பக்கத்தில் உட்காரப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை அதன் அம்மா விட வேண்டுமே?

நம் ஊரிலும் இரண்டையும் ஒரே ஆள் செய்திருக்கிறார். ராசம்மா பூபாலன் சின்ன வயதில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையில் இருந்தவர். 1960-இல் ஆசிரியைகளுக்குச் சங்கம் அமைத்து ஆணுக்குச் சமமான சம்பளம் கேட்டார். பல இனப் பெண்களையும் சேர்த்த தேசிய மகளிர் மன்றத்தை அமைப்பதிலும் முன்னால் நின்றார். மனுவை எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நாலு பேர் இல்லை, எங்கள் குழு முழுதும் கையெழுத்து போடும். கூட்டத்துக்கும் வாருங்கள்.

செராஸ் தங்கச்சி, நான்காவது நாற்காலி உனக்குத்தான். “நீங்க என்ன ஆளுங்க” கதையை விட்டுவிட்டு வந்தால்தான் எனக்குக் கோபம் வரும். நேற்று மலாய் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தானும் தன் பக்கத்துக் கதை ஒன்றைச் சேர்க்கப் போவதாகச் சொன்னார். அவர் வீட்டில் யாரை மருமகளாக வேண்டாம் என்றார்களோ, அது. காய்கறி அம்மா மட்டும் “என் வீட்டில் அப்படி ஒன்றுமில்லை” என்கிறார். பயிற்சியில் பார்த்துக்கொள்வோம். அமெரிக்கப் பேனலில் பெரும்பான்மையிலிருந்து வந்த வெள்ளைப் பெண்ணுக்கும் ஏன் ஒரு நாற்காலி போட்டார்கள் என்று எனக்கு இப்போதுதான் பிடிபடுகிறது. அடிபட்டவர்கள் மட்டும் பேசினால் மற்றவர்கள் நீதிபதி மாதிரி உட்கார்ந்து கேட்பார்கள்.

தெமியார் பெண்ணிடம் மட்டும் நான் எதையும் சேர்க்கச் சொல்லப் போவதில்லை. அவள் யாரையும் தள்ளிவிட்டு நான் பார்த்ததில்லை. கேட்பவர்கள் ‘சமமாக’ இல்லை என்று சொன்னால் என்னிடம் வரட்டும்.

தைப்பிங் தம்பி சொன்ன கைப்பேசிப் பெட்டி, எழுத்தில் அனுமதி, பாலாயில் தகவல், மூன்றும் செய்துவிடுவேன். கேள்வி மட்டும் டீச்சர் சொன்ன மாதிரி எழுந்து நின்றுதான். கத்தினால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஊசிக்கு ஓடும் ஆண்களை இழுத்து வந்து உட்காரவைத்தவள், தெரியுமா?

கோயில் மண்டபம் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மலாய்ப் பெண்கள் தயங்குவார்கள், அதனால் ஊர்ப் பொது மண்டபம்தான். வாடகை எங்கள் குழுவே கொடுக்கும், ஆதரவாளர் என்று யார் பெயரும் வராது. மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு, வரவேற்புரை எதுவும் கிடையாது. சாப்பாடு சந்தைக்கு எதிரே உள்ள மலாய் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், நாசி லெமாக்கும் தேநீரும். நம்மில் சைவக்காரர்களுக்குத் தனியாக மீஹூன், நெத்திலி போடாமல்.

இப்போது உண்மையான தலைவலி வேறு. வருகிற பெண்கள் பாதிப் பேர் கைக்குழந்தையோடுதான் வருவார்கள். பின் அறையில் பாய் விரித்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் வேண்டும், அதில் இரண்டு பேராவது ஆண்களாக இருந்தால் நல்லது. இந்தப் பக்கத்து ஆள் யாராவது தயார் என்றால் இங்கேயே எழுதுங்கள். யூனியன் அண்ணே, உங்களுக்குப் பேரப் பிள்ளைகள் உண்டுதானே?

பழைய யூனியன்

அஞ்சு பேர். எந்தக் கிழமை?